விமானத்தின் நிறையும் சமநிலையும்: சில கலைச்சொற்களின் வரலாறு

தோற்றுவாய்

ஒரு துறையின் கலைச்சொற்களை அத்துறையின் வரலாற்றுக்குப் புறம்பானவையாகக் கருதும் வழக்கம் எம்மிடையே உண்டு. கருத்து முதலிலே தோன்றுகிறது, சொல் பின்னர் அதற்கு இடப்படும் பெயராகிறது என்பதே அவ்வழக்கின் அடிப்படையாகும். விமானவியலில் நிறை, சமநிலை ஆகியன தொடர்பாக வழங்கும் சொற்றொகுதியை நோக்குவோர் இக்கருத்தை மீளாய்வு செய்ய வேண்டியவராவர். விமானஞ் செலுத்தப் பயிலும் மாணவன் தனது பயிற்சியின் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்ளும் பத்துப் பன்னிரண்டு சொற்கள் இத்தொகுதியில் அடங்கும். வெறுநிறை, பயன்சுமை, தொடக்கத்தளம், புயம், திருப்பம், புவியீர்ப்பு மையம், நியமநிறை என்பன அவற்றுட் சில. பார்வைக்கு எளிய கூட்டல், பெருக்கல், வகுத்தற் கணக்கொன்றின் உறுப்புகளாகவே இவை காணப்படுகின்றன. ஆயினும் இவற்றுட் பலவற்றின் பின்னால் அதுவரை ஐயமின்றி ஏற்கப்பட்டிருந்த ஓர் ஊகம் பொய்த்துப்போன நிகழ்ச்சியொன்று உண்டு. அந்நிகழ்ச்சிகள் சிலவற்றில் மனித உயிர்கள் விலையாகக் கொடுக்கப்பட்டன.

இச்சொற்கள் தோன்றிய, திருந்திய வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதும், அவ்வரலாறு தமிழிற் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர்க்கு உணர்த்துவது யாது என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும். இலங்கைப் பாடநூல் வழக்கிற்கேற்ப, புவி ஒரு பொருளைத் தன்பால் ஈர்க்கும் விசையையே 'நிறை' என்னுஞ் சொல் ஈண்டுக் குறிக்கும்.

நிலத்திலும் நீரிலும்

பாரமேற்றிய வண்டியைச் செலுத்தியோர் இக்கலையின் முதற்பாடத்தை எந்நூலுமின்றியே அறிந்திருந்தனர். மூடைகள் வண்டியின் பின்புறத்தே மிகுந்தால் நுகம் மேலெழுந்து மாடுகளின் கழுத்தை நெரிக்கும். முன்புறத்தே மிகுந்தால் நுகம் அவற்றின் பிடரியை அழுத்தும். 'முன்பாரம்', 'பின்பாரம்' என்னும் சொற்கள் எமது வண்டிக்காரர் வழக்கில் நெடுங்காலமாக இருந்துவந்துள்ளன. மொத்தப் பாரம் எவ்வளவு என்பது ஒரு வினா, அப்பாரம் எங்கே அமைந்துள்ளது என்பது வேறொரு வினா என்னும் தெளிவு இச்சொற்களில் அடங்கியுள்ளது.

இவ்வனுபவ அறிவைக் கணிதமாக்கியவருள் முதன்மையானவர் கி.மு. 3 ஆம் நூற்றாண்டில் சிரக்கூசு நகரில் வாழ்ந்த ஆக்கிமிடீசு ஆவார். தளங்களின் சமநிலை பற்றிய தமது நூலில் அவர் நெம்புகோல் விதியை நிறுவினார். பொறுதியிலிருந்து இரு புறமும் தொங்கும் பாரங்கள், தத்தம் தூரங்களுக்கு நேர்மாறு விகிதத்தில் அமையும்போது சமநிலை எய்தும் என்பது அவ்விதி. பாரத்தையும் தூரத்தையும் பெருக்கிவரும் கணியமே இன்று நாம் திருப்பம் எனக் குறிப்பிடுவதாகும். ஒரு பொருளின் நிறை முழுவதும் ஒரு புள்ளியிற் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம் என்ற புவியீர்ப்பு மையக் கருத்தும் அவர் ஆய்வுகளோடு தொடர்புடையதே.

எனினும் இக்கருத்து கைவினைஞரின் தொழிலுக்குள் நுழைவதற்குப் பல நூற்றாண்டுகள் சென்றன. 1628 ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 10 ஆந் திகதி சுவீடன் நாட்டின் வாசா என்னும் போர்க்கப்பல் ஸ்டொக்ஹோம் துறைமுகத்திலிருந்து தன் முதற் பயணத்தைத் தொடங்கி, ஏறத்தாழ 1300 மீற்றர் தூரமே சென்று கவிழ்ந்தது. பீரங்கித் தளங்களின் பாரத்தால் அதன் மேற்பகுதி கனத்திருந்தது. பயணத்துக்கு முன்னர், 30 மாலுமிகளைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடச்செய்து அதன் உறுதி சோதிக்கப்பட்டது. கப்பல் அஞ்சத்தக்கவாறு ஆடவே சோதனை இடைநிறுத்தப்பட்டது. ஆயினும் கப்பல் புறப்பட்டது. குறைபாடு கண்ணுக்குத் தெரிந்தும் அதனைச் சொல்வதற்கேற்ற அளவோ, அவ்வளவுக்கு ஓர் எல்லையோ அன்று இருக்கவில்லை. பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகே 1746 இல் வெளியிட்ட கப்பல் பற்றிய நூலிலேதான் மிதக்கும் கலத்தின் உறுதியைக் கணிப்பதற்கான 'மிதவை மையம்' என்னும் கருத்து தக்கவாறு விளக்கப்பட்டது. சொல் இல்லாத இடத்தில் அச்சம் மட்டுமே எஞ்சியிருந்தது என்பதை வாசாவின் வரலாறு காட்டுகிறது.

உடலசைவிலிருந்து அளவுக்கு

வானிற் செல்லுங் கலத்துக்கு இச்சிக்கல் மேலும் நுட்பமானது. கப்பலைத் தாங்குவது நீர். அது கப்பல் அசையாது நிற்கும்போதும் தாங்கும். விமானத்தைத் தாங்கும் விசையோ அதன் அசைவினாலேயே பிறக்கிறது. அவ்விசை தாக்கும் இடமும் புவியீர்ப்பு மையம் அமையும் இடமும் ஒன்றுக்கொன்று உரிய முறையில் அமையாவிடின், கலம் தலைகுனியும் அல்லது வால் தாழும். ஆங்கிலேயரான சேர் ஜோர்ஜ் கேலி இதனைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். 1804 இல் அவர் செய்த மாதிரி மிதவைவானூர்தியில் வால் ஒன்றும், மையத்தை மாற்றியமைக்க உதவும் நகர்த்தக்கூடிய பாரமொன்றும் இருந்தன. பிரான்சில் அல்போன்சு பெனோ 1871 இல், முறுக்கிய இறப்பரால் இயங்கும் சிறு மாதிரியொன்றைப் பாரிசு நகரின் துயிலரீசுப் பூங்காவிற் பறக்கவிட்டு, தக்கவாறு அமைந்த வால் கலத்தைத் தானாகவே சமநிலைக்கு மீட்கும் என்பதை மெய்ப்பித்தார்.

மாதிரிகளில் மெய்ப்பிக்கப்பட்டது மனிதன் ஏறியபோது போதாதாயிற்று. ஜேர்மனியரான ஒட்டோ லிலியெந்தால் ஏறத்தாழ 2000 தடவை குன்றுகளிலிருந்து மிதந்திறங்கியவர். சிறகுகளுக்கிடையே தொங்கியவாறு தன் கால்களையும் இடுப்பையும் முன்பின்னாக வீசுவதே அவரது ஆளுகைமுறை. அதாவது, புவியீர்ப்பு மையத்தைத் தன் உடலாலேயே கணந்தோறும் இடம்பெயர்த்தார். 1896 ஆம் ஆண்டு ஓகத்து 9 ஆந் திகதி காற்றின் வேகத்தால் அவரது கலத்தின் முகப்பு மேலெழுந்து, உயர்த்தும் விசை குன்ற, கலம் வீழ்ந்தது. முதுகெலும்பு முறிந்த அவர் மறுநாள் உயிர்நீத்தார். அவரைப் பின்பற்றிய பிரித்தானியரான பேர்சி பில்ச்சரும் 1899 இல் தம் கலம் உடைந்து வீழ்ந்து மடிந்தார். லிலியெந்தாலின் மரணச் செய்தி தம்மை இத்துறைபாற் செலுத்தியதாக ரைற் சகோதரர் பிற்காலத்திற் குறிப்பிட்டுள்ளனர். மனித உடலின் அசைவு மட்டும் ஒரு கலத்தை ஆளப் போதாது என்பதே அவர்கள் அம்மரணத்திலிருந்து கற்ற பாடம்.

1903 டிசம்பர் 17 ஆந் திகதி கிற்றி ஹோக் அருகே அவர்கள் பறக்கவிட்ட விமானத்தை நிறைக்கணக்கின் கண்கொண்டு நோக்கினால் இரண்டு செய்திகள் புலப்படும். முதலாவது, அதன் வலச்சிறகு இடச்சிறகைவிட 4 அங்குலம் நீளமானது. விமானி நடுக்கோட்டுக்கு இடப்புறமும் எஞ்சின் வலப்புறமும் அமைந்திருக்க, எஞ்சின் விமானியைவிடப் பாரமானதாயிருந்தமையால் இந்நீட்சி வேண்டியதாயிற்று. பக்கவாட்டுச் சமநிலை இவ்வாறு கணக்கிட்டே பெறப்பட்டது. இரண்டாவது, நெடுக்குச் சமநிலை அவ்வாறு பெறப்படவில்லை. மையம் வேண்டிய இடத்துக்குப் பின்னால் அமைந்திருந்தமையால், 12 வினாடிகளில் 120 அடி சென்ற அம்முதற் பறப்பு அலைமேற் செல்லும் வள்ளம்போல எழுந்தும் தாழ்ந்துமே நிகழ்ந்தது. 1904 இல் டேட்டன் நகருக்கு அண்மையில் பறந்த இரண்டாம் விமானத்திலும் இக்குறை தொடர்ந்தது. மையத்தை முன்னகர்த்தும்பொருட்டு ஏறத்தாழ 70 இறாத்தல் இரும்பை முகப்பிற் சுமத்த நேர்ந்தது. ஒவ்வோர் அவுன்சு நிறையையும் குறைக்கப் பாடுபட்ட இருவர், பறப்பதற்காகவே வீண்பாரத்தை ஏற்றினர் என்பது நோக்கற்பாலது. குறைந்த நிறை நன்று, ஆனால் உரிய இடத்தில் அமைந்த நிறை அதனினும் நன்று என்னும் உண்மை இவ்விரும்புத் துண்டங்களால் நிலைநாட்டப்பட்டது.

1911 இல் ஜீ. எச். பிறையன் விமானங்களின் உறுதிநிலை பற்றித் தாம் எழுதிய நூலில் இப்பொருளுக்குக் கணித வடிவம் அளித்தார். எனினும் முதலாம் உலகப்போரின்போதும் நூலறிவு பயிற்சித் திடலை முற்றாக எட்டவில்லை. எஞ்சின், துப்பாக்கிகள், எரிபொருள், விமானி ஆகிய யாவும் முன்புறத்தே நெருங்கி அமைந்த சொப்வித் கமெல் என்னும் போர்விமானம், தாங்கி நிறைந்திருக்கும்போது பின்பாரம் உடையதாயிருந்தது. தேர்ந்த விமானியின் கையில் விரைந்து திரும்பும் ஆற்றல் மிக்கதாக விளங்கிய அதுவே புதிய மாணவர் பலரின் உயிரைக் குடித்தது.

சொற்களும் அவற்றின் கணக்கும்

இத்தகைய அனுபவங்களின் திரட்சியாகவே இன்றைய சொற்றொகுதி அமைந்தது. விமானம் எதனையும் ஏற்றாதபோது தராசில் நிறுத்துப் பெறுவது வெறுநிறை. அதற்கும் அனுமதிக்கப்பட்ட உச்சநிறைக்கும் இடையிலான வேறுபாடு பயன்சுமை. விமானியும் பயணியும் பொதியும் எரிபொருளும் இப்பயன்சுமைக்குள் அடங்கவேண்டும். தூரங்களை அளப்பதற்கு விமானத்தில் ஒரு கற்பனைத் தளம் தெரிவுசெய்யப்படுகிறது. அதுவே தொடக்கத்தளம். அதிலிருந்து ஒரு பாரம் அமைந்துள்ள தூரம் அப்பாரத்தின் புயம். நிறையையும் புயத்தையும் பெருக்க வருவது திருப்பம். திருப்பங்களின் கூட்டுத்தொகையை நிறைகளின் கூட்டுத்தொகையால் வகுக்கக் கிடைப்பது புவியீர்ப்பு மையத்தின் இடம்.

பயிற்சி விமானங்களுட் பெரிதும் வழக்கிலுள்ள செஸ்னா 152 இனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் உச்சநிறை 1670 இறாத்தல். எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் இடையிலுள்ள தீத்தடுப்புச் சுவரின் முன்முகமே அதன் தொடக்கத்தளம். இருக்கைகளின் புயம் 39 அங்குலம், எரிபொருளின் புயம் 42 அங்குலம், முதலாம் பொதியிடத்தின் புயம் 64 அங்குலம். ஒரு குறித்த விமானத்தின் வெறுநிறை 1130 இறாத்தல் எனவும் அதன் புயம் 30 அங்குலம் எனவும் கொண்டால் திருப்பம் 33,900 ஆகும். ஆசிரியரும் மாணவருமாக இருவர் 340 இறாத்தல் எனின் 13,260. முழுத் தாங்கி எரிபொருள் 147 இறாத்தல் எனின் 6174. பொதி 40 இறாத்தல் எனின் 2560. மொத்த நிறை 1657 இறாத்தல், மொத்தத் திருப்பம் 55,894. வகுத்தால் மையம் தொடக்கத்தளத்துக்குப் பின்னால் 33.7 அங்குலத்தில் அமையும். இந்நிறையில் முன்னெல்லை ஏறத்தாழ 32.6 அங்குலம், பின்னெல்லை 36.5 அங்குலம் ஆதலின் இவ்விமானம் பறக்கத் தக்கது. ஆயினும் எஞ்சியிருப்பது 13 இறாத்தல் மட்டுமே. இரு இருக்கைகளும் ஒரு பொதியிடமும் முழுத் தாங்கியும் உள்ள விமானத்தில் இவை அனைத்தையும் ஒருங்கே நிரப்பும் உரிமை விமானிக்கு இல்லை என்பதை இக்கணக்கு கற்பிக்கிறது. இருக்கை உண்டு என்பதனால் ஏற்றலாம் என்று பொருளாகாது.

எல்லைகள் இரண்டும் ஒரே வகையான ஆபத்தைக் குறிப்பன அல்ல. மையம் முன்னெல்லையைத் தாண்டின் முன்பாரம் மிகுந்து, தரையிறங்கும்போது விமானியால் முகப்பை உயர்த்த இயலாது போகலாம். மையம் பின்னெல்லையைத் தாண்டின் உறுதிநிலை குன்றும். சிறகுகள் உயர்த்துந்திறன் இழந்து விமானம் வீழத் தொடங்கும்போது முகப்பைத் தாழ்த்தி மீளும் வழியும் அடைபடலாம். பின்பாரம் கூடுதலாக அஞ்சப்படுவதற்குக் காரணம் இதுவே. வண்டிக்காரர் நுகத்திற் கண்டதை விமானி வாற்றளத்திற் காண்கிறார். வேறுபாடு யாதெனில், வண்டியை நிறுத்தி மூடையை மாற்றலாம்.

எரிபொருளும் நகரும் மையமும்

வண்டியின் பாரம் பயணத்திடையே மாறுவதில்லை. விமானத்தின் எரிபொருளோ பறக்கப் பறக்கக் குறைகிறது. ஆதலின் மையம் ஒரு நிலைத்த புள்ளியாக இராது, பயணம் முழுவதும் நகரும். இரண்டாம் உலகப்போரில் இதனை அமெரிக்க மஸ்டாங் விமானிகள் நன்குணர்ந்தனர். குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாகச் சேர்மனியின் உட்பகுதிவரை செல்வதற்காக அவ்விமானத்தில் விமானியின் பின்னால் 85 அமெரிக்கக் கலன் கொள்ளும் தாங்கியொன்று பொருத்தப்பட்டது. அது நிறைந்திருக்கையில் மையம் பின்னகர்ந்து விமானம் உறுதியிழந்தது. எனவே போர் தொடங்குமுன் அத்தாங்கியிலுள்ளதன் பெரும்பகுதியை முதலில் எரித்துவிடுமாறு விமானிகள் பணிக்கப்பட்டனர். எவ்வளவு எரிபொருள் என்னும் வினாவோடு எவ்வரிசையில் என்னும் வினாவும் இங்கே சேர்ந்துகொண்டது.

கொன்கோட் விமானம் இக்குறையை ஒரு கருவியாக மாற்றியது. ஒலியின் வேகத்தைக் கடக்கும்போது உயர்த்தும் விசை தாக்கும் இடம் பின்னகரும். அதற்கீடாக அவ்விமானம் பல தொன் எரிபொருளைப் பின்தாங்கிக்குப் பாய்ச்சி, மையத்தையும் உடன் பின்னகர்த்தியது. வேகந் தணியும்போது எரிபொருள் மீண்டும் முன்னே பாய்ச்சப்பட்டது. ரைற் சகோதரர் இரும்பாற் செய்ததை 2003 வரை சேவையிலிருந்த அவ்விமானம் எரிபொருளாற் செய்தது.

'எரிபொருளற்ற உச்சநிறை' என்னும் சொல்லும் இதனோடு தொடர்புடையது. பெரிய விமானங்களில் எரிபொருள் பெரும்பாலும் சிறகுகளிலேயே உள்ளது. சிறகுகள் மேல்நோக்கி வளைவதை அதன் நிறை ஓரளவு தடுக்கிறது. உடற்பகுதியிலுள்ள பயணிகளும் பொதிகளும் அவ்வளைவை மிகுவிக்கின்றனர். ஆகவே மொத்த நிறை எல்லைக்குட்பட்டிருந்தாலும், எரிபொருள் நீங்கிய நிறைக்குத் தனியோர் எல்லை வேண்டும். ஒரே தொகையான பாரம், இருக்குமிடத்தைப் பொறுத்து நண்பனாகவும் பகையாகவும் அமைவதை இச்சொல் நினைவூட்டுகிறது.

சராசரி மனிதன்

மேற்கூறிய கணக்கின் உறுப்புகளுள் வெறுநிறை தராசினால் அறியப்படுவது, எரிபொருள் மானியினால் அறியப்படுவது. மனிதனின் நிறை எவ்வாறு அறியப்படுகிறது? பயணிகள் விமானங்களில் மக்களை ஒவ்வொருவராக நிறுப்பது அரிது. அதற்குப் பதிலாக, ஓர் ஆளுக்கு இன்ன நிறை எனச் சராசரியொன்று ஏற்கப்படுகிறது. இதுவே நியமநிறை. நூற்றுக்கணக்கானோர் பயணஞ் செய்யும் விமானத்தில் ஒருவரின் மிகை மற்றொருவரின் குறையால் ஈடுசெய்யப்படும் என்பது இதன் நியாயம். புள்ளிவிபரவியல் கற்றோர் இந்நியாயத்தின் வலிமையை அறிவர். அதன் நிபந்தனையையும் அவர்கள் அறிவர்: கூட்டம் பெரிதாக இருத்தல் வேண்டும், அச்சராசரி அக்கூட்டத்துக்கு உரியதாக இருத்தல் வேண்டும்.

1985 டிசம்பர் 12 ஆந் திகதி கனடாவின் கான்டர் நிலையத்திலிருந்து எழுந்த டீசீ-8 விமானமொன்று வீழ்ந்து 256 பேரும் மாண்டனர். அவர்களுள் 248 பேர் அமெரிக்கப் படையினர். வீழ்ச்சியின் காரணம் பற்றி விசாரணைச் சபையினரிடையே கருத்து வேறுபாடு நிலவியது. ஆயினும் ஏற்றிய நிறை கணக்கில் குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. படைக்கலங்களும் கருவிகளும் தாங்கிய போர்வீரரின் நிறைக்குச் சராசரி மதிப்பொன்று வழங்கப்பட்டிருந்தது.

2003 ஜனவரி 8 ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவின் ஷார்லட் நகரில் பீச் 1900டி என்னும் சிறு பயணிகள் விமானம் எழுந்தவுடன் முகப்பு உயர்ந்து வீழ்ந்தது. அதிலிருந்த 21 பேரும் உயிரிழந்தனர். வாற்றளத்தை இயக்கும் கம்பி வடங்கள் பராமரிப்பின்போது தவறாகப் பொருத்தப்பட்டிருந்தமை முதற் காரணமாகக் காணப்பட்டது. மையம் பின்னெல்லையை வெகுவாகத் தாண்டியிருந்தமை அதனோடு சேர்ந்தது. காகிதத்திலோ எல்லாம் எல்லைக்குட்பட்டே இருந்தன. விபத்தின்பின் சிறு விமானங்களின் பயணிகளை உண்மையாக நிறுத்துப் பார்த்தபோது, சராசரி மனிதன் ஏட்டில் எழுதப்பட்டதைவிட 20 இறாத்தலுக்கும் மேலாகக் கனத்திருந்தமை அறியப்பட்டது. 19 பயணிகளுக்கு இவ்வேறுபாடு ஏறத்தாழ 400 இறாத்தலாகும். நியமநிறைகள் பின்னர் உயர்த்தப்பட்டன. மக்களின் உடல் தலைமுறைதோறும் மாறிவர, சொல்லின் உள்ளடக்கம் மாறாதிருந்தமையே இங்கு நேர்ந்த தவறு. 'நியமம்' என்னும் பெயர் அதனை வினாவுக்கு அப்பாற்பட்டதாக்கிவிட்டது எனலாம்.

அலகும் அடைமொழியும்

நிறுத்தபோதும் தவறு நேரலாம் என்பதற்கு 1983 ஜூலை 23 ஆந் திகதி நிகழ்ச்சி சான்றாகும். மொன்றியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட்ட போயிங் 767 விமானத்தில் எரிபொருள் மானி பழுதுற்றிருந்தது. ஆகவே தாங்கியிலிருந்த அளவைக் கோலால் அளந்து கணக்கிட நேர்ந்தது. கனடா அக்காலத்தில் மெற்றிக்கு முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்நிறுவனத்தில் கிலோகிராமில் எரிபொருள் கணிக்கும் முதல் வகை விமானம் அதுவே. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோகிராம். தாங்கியில் இருந்தது 7682 லீற்றர். லீற்றரை நிறையாக மாற்றும்போது 0.8 என்னும் கிலோகிராமுக்குரிய எண்ணுக்குப் பதிலாக, 1.77 என்னும் இறாத்தலுக்குரிய எண் பயன்படுத்தப்பட்டது. இதனால் 20,088 லீற்றர் ஏற்றவேண்டிய இடத்தில் 4916 லீற்றரே ஏற்றப்பட்டது. 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்தது. விமானிகள் எஞ்சினின்றி மிதந்து, கிம்லி என்னுமிடத்திலிருந்த பழைய படைத்தளத்தில் இறக்கினர். விமானத்திலிருந்த 69 பேரும் உயிர் தப்பினர். பெருக்கலும் வகுத்தலும் வழுவின்றிச் செய்யப்பட்டிருந்தன. எண்ணோடு வந்த அலகின் பெயரே பிழையானது.

அலகின் பெயர் அதன் அளவைவிட்டு விலகுவது எமக்கும் புதிதன்று. கடையில் நாம் இன்றும் 'ஒரு இறாத்தல் பாண்' எனக் கேட்கிறோம். இறாத்தல் ஏறத்தாழ 454 கிராம். பாணின் நியமநிறை 450 கிராம். கையிற் கிடைப்பது எவ்வளவு என்பது தராசிலிட்டாலன்றித் தெரியாது. கடைத்தெருவில் இவ்விலகலாற் பேரிழப்பு ஏற்படுவதில்லை. கணக்கேட்டில் அவ்வாறன்று.

2020 ஜூலை 21 ஆந் திகதி பிரித்தானியாவின் பேர்மிங்ஹாமிலிருந்து மயோர்க்கா தீவுக்குச் சென்ற போயிங் 737 விமானத்தின் நிகழ்ச்சி இவ்வரலாற்றில் அண்மையதும் எமது நோக்குக்கு மிக நெருங்கியதுமாகும். பயணிகளைப் பதிவுசெய்யும் கணினிச் செய்நிரல், 'மிஸ்' என்னும் அடைமொழியுடைய பயணிகளைச் சிறுமியராகக் கணித்தது. அச்செய்நிரல் ஆக்கப்பட்ட நாட்டில் அவ்வடைமொழி சிறுமியர்க்கு வழங்குவது, பிரித்தானியாவிலோ மணமாகாத வளர்ந்த பெண்களுக்கும் வழங்குவது. ஆகவே 38 பெண்களுக்கு 69 கிலோகிராமுக்குப் பதிலாக 35 கிலோகிராம் எழுதப்பட்டது. விமானம் ஏட்டிற் கண்டதைவிட 1244 கிலோகிராம் மிகையாகச் சுமந்து எழுந்தது. தீங்கேதும் நேரவில்லை. ஆயினும் ஒரு சொல்லை ஈரிடத்தார் ஈருவகையிற் பொருள்கொண்டமையால் ஒரு தொன்னுக்கும் மேற்பட்ட நிறை கணக்கிலிருந்து மறைந்தது. மொழியியல் மாணவர் பொருள் வேறுபாடு என்னுந் தலைப்பின்கீழ்க் கற்பது இங்கே தராசில் நிறுக்கத்தக்கதாயிற்று.

எமது வழக்கு

இனி, இவ்வரலாறு எமக்கு உணர்த்துவது யாது? இலங்கையில் சுயமொழிக் கல்வி வேரூன்றிய 1950 களிலும் 1960 களிலும் அரசகரும மொழித் திணைக்களம் பல துறைகளுக்குத் தமிழ்க் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. பொறுதி, எத்தனம், புயம், திருப்பம் முதலிய சொற்களை எமது மாணவர் பள்ளியிலேயே கற்றுத் தேறினர். இது போற்றுதற்குரிய பணி. ஆயினும் பாக்குநீரிணையின் இரு கரைகளிலும் சொல்லாக்கம் தனித்தனியே நிகழ்ந்தமையால் ஒரு சிக்கல் விளைந்தது. இலங்கையில் பொருளின் அளவைத் 'திணிவு' எனவும், அதன்மீது தாக்கும் புவியீர்ப்பு விசையை 'நிறை' எனவும் வழங்குகிறோம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முன்னது 'நிறை', பின்னது 'எடை'. ஒரே சொல் ஒரு கரையில் ஒரு கணியத்தையும் மறுகரையில் வேறொரு கணியத்தையும் குறிக்கிறது. இரண்டும் தமிழே, இரண்டும் பிழையற்றவையே. இரண்டையும் ஓரேட்டில் ஒருங்கே வைத்தால்தான் இடர் தோன்றும்.

ஆங்கிலத்திலும் இவ்விடர் முற்றாக நீங்கவில்லை. அமெரிக்க ஏடுகள் இத்துறையை நிறையும் சமநிலையும் என்னும் பொருள்படக் குறிக்க, ஐரோப்பிய விதிகள் திணிவும் சமநிலையும் என்னும் பொருள்படக் குறிக்கின்றன. ஆயினும் அங்கு ஒவ்வோர் ஏடும் தான் வழங்குஞ் சொல்லை முதற் பக்கங்களிலேயே வரையறுக்கிறது. அவ்வரையறை விதியின் உறுப்பாகவே கொள்ளப்படுகிறது.

எமது கலைச்சொல் விவாதங்களிற் சொல்லின் தூய்மை, இனிமை, தொன்மை ஆகியன பற்றியே பெரிதும் பேசப்படுகிறது. இவை பொருளற்றவை என யான் வாதிடவில்லை. ஆனால் இவற்றுக்கு முன்னர் வைத்தெண்ணவேண்டிய வினா ஒன்றுண்டு: இச்சொல்லைக் கேட்கும் இருவர் ஒரே அளவை நினைப்பரா? முன்பாரம், பின்பாரம் என்னும் வண்டிக்காரர் சொற்கள் இச்சோதனையில் தேறுகின்றன. நூலறிவினர் கண்ட 'நிறை' என்னுஞ் சொல் இன்றைய நிலையில் தேறவில்லை. இருகரை அறிஞரும் கூடி இதனைத் தீர்க்கும்வரை, எழுதுவோர் ஒவ்வொருவரும் தாம் கொள்ளும் பொருளைத் தொடக்கத்திலேயே வரையறுத்தல் வேண்டும். இக்கட்டுரையின் முகப்பில் அவ்வாறு செய்ய நேர்ந்ததும் இதன்பொருட்டே.

விமானஞ் செலுத்தப் பயில்வோருக்கான பாடம் இன்று இங்கு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்கிறது. ஆதலின் இதனை விமானிகளின் சிக்கலென ஒதுக்கிவிடுதல் எளிது. மருந்தின் அளவு, பாலத்தின் பாரம், மின்னின் அழுத்தம் ஆகியவற்றைத் தமிழிற் கற்பவரும் கற்பிப்பவரும் எம்மிடையே உளர். அவர்கள் கையாளும் ஒவ்வொரு சொல்லும் ஏதோ ஒரு பாரத்தைச் சுமந்தே நிற்கிறது. லிலியெந்தாலின் குன்று முதல் பேர்மிங்ஹாமின் பயணியர் பட்டியல்வரை நீளும் இவ்வரலாறு, அளக்கப்படாத சொல்லை நம்பி ஏறியவர்களின் வரலாறுமாகும். சொல்லைப் படைப்பதோடு எமது கடமை முடிவதில்லை. அதனை நிறுத்துப் பார்த்து, அதன் பொருளுக்கு எல்லை வகுத்து, காலந்தோறும் மீண்டும் நிறுத்துப் பார்ப்பதும் எமது கடமையே.